சிபிடி மணிநேரம்: கணக்கிடுவது, பதிவது, ஆய்வில் நிரூபிப்பது – கணக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

கணக்காளர் தொடர்ந்து கற்கிறார் என்பதைத் தன் தொழில் அமைப்புக்குக் காட்டும் கடமைதான் சிபிடி (தொடர் தொழில்முறை மேம்பாடு). அதைச் சரிபார்க்க அமைப்பு நடத்தும் ஆய்வில் மாட்டுபவர்கள் எல்லாம் ஆண்டு முழுக்க எதையும் படிக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். புதிய தரநிலையைக் கரைத்துக் குடித்தவரும் மாட்டுவார், வாரம் தவறாமல் வெபினாரில் உட்கார்ந்தவரும் மாட்டுவார். படித்ததற்குக் காகிதம் இருக்காது. இருக்கும் காகிதத்தில் தேதியோ நேரமோ பெயரோ இருக்காது. அல்லது மொத்த மணிநேரம் சரியாக இருந்தும், அதற்குள் இருந்தாக வேண்டிய எதிக்ஸ் (தொழில் நெறிமுறை) பகுதி விடுபட்டிருக்கும். வவுச்சர் இல்லாத செலவை வாடிக்கையாளரின் கணக்கில் ஏற்காத நாம், நம்முடைய சொந்த மணிநேரத்தை மட்டும் டிசம்பர் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுக்கிறோம். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

சில அமைப்புகள் இதை சிபிடி என்கின்றன, சில சிபிஇ (தொடர் தொழில்முறைக் கல்வி) என்கின்றன. விஷயம் ஒன்றுதான். சர்வதேசக் கணக்காளர் கூட்டமைப்பான ஐஃபாக்கின் கல்வித் தரநிலை 7 எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன் திருத்திய வடிவம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மணிநேரத்தை எண்ணலாம், கற்றதன் பலனை அளக்கலாம், இரண்டையும் கலக்கலாம் என்று அது உறுப்பு அமைப்புகளுக்கு விட்டிருக்கிறது. அதனால்தான் அமைப்புக்கு அமைப்பு விதி மாறுகிறது. உடன் வேலை செய்பவர் சொன்ன விதியை நம்பி நடப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். அவர் வேறு அமைப்பின் உறுப்பினராக இருப்பார், அல்லது அதே அமைப்பில் வேறு பிரிவில் இருப்பார்.

படி 1: உங்கள் விதியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

உங்கள் அமைப்பின் ஒழுங்குமுறை ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றுக்கு விடை எழுதுங்கள். அறிமுகப் பக்கத்தையோ கேள்வி-பதில் பக்கத்தையோ மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். விதிவிலக்குகள் எல்லாம் மூல ஆவணத்தில்தான் ஒளிந்திருக்கும்.

1. காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?
2. மொத்தம் எத்தனை மணிநேரம் அல்லது யூனிட்?
3. அதில் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியது எவ்வளவு?
4. பல ஆண்டுச் சுற்று என்றால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிக் குறைந்தபட்சம் உண்டா?
5. எதிக்ஸ், தணிக்கை என்று கட்டாயப் பாடம் ஏதாவது உண்டா?
6. நான் எந்தப் பிரிவில் வருகிறேன்?
7. மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா?
8. ஆதாரங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

விடைகள் எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சில உதாரணங்கள். பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கணக்காளர் அமைப்பான ஏசிசிஏவில் வழக்கமான பாதை ஆண்டுக்கு 40 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு மணிநேரம். அதில் 21 சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும், மீதி 19 எப்படியும் இருக்கலாம். ஆண்டு அறிவிப்பை ஜனவரி 1-க்குள் கொடுக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஇடபிள்யூவில் 2023 நவம்பர் 1 முதல் புதிய விதிகள் வந்தன. அங்கே ஆண்டு என்பது நவம்பர் முதல் அக்டோபர் வரை. உங்கள் வேலையின் பொதுநலன் சார்ந்த பொறுப்பைப் பொறுத்துப் பிரிவு மாறும், பிரிவு மாறினால் மணிநேரமும் மாறும். எந்தப் பிரிவாக இருந்தாலும் ஒரு மணிநேர எதிக்ஸ் உண்டு. இந்தியாவின் பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐசிஏஐயில், தொழில் நடத்தும் சான்று வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2023–25 சுற்றில் மூன்றாண்டுக்கு 120 மணிநேரம் என்று இருந்தது. அதில் குறைந்தது 60 ஸ்ட்ரக்சர்டு (அமைப்பே நடத்தும் அல்லது அனுமதித்த வகுப்பு), அதுவும் ஆண்டுக்கு 20-க்குக் குறையாமல். கலிபோர்னியாவில் உரிமம் வைத்திருப்பவருக்கு இரண்டாண்டில் 80, ஆண்டுக்குக் குறைந்தது 20. அங்கே உரிமம் முடிவது உரிமதாரர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில், ஆகவே சக ஊழியர் இருவருக்குக் கெடு ஒன்றாக இருக்காது. நியூயார்க்கில் இன்னும் விசித்திரம்: பொதுவாகப் படித்தால் ஆண்டுக்கு 40, ஏதாவது ஒரே பாடத்தில் குவித்துப் படித்தால் 24 போதும். மேலாண்மைக் கணக்காளர் அமைப்பான சிமாவில் மணிநேரக் குறைந்தபட்சமே கிடையாது. அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். எண்ண மணிநேரம் இல்லாத இடத்தில், என்ன தேவை என்று நிர்ணயித்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். பலருக்கு அதுதான் கடினமான பாதை.

ஆறாவது கேள்வியை ஆண்டுதோறும் புதிதாகக் கேளுங்கள். நிறுவனத்தில் நிதி மேலாளராக இருந்தவர் ஆண்டு நடுவில் தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கினாலோ, தணிக்கைக் கையெழுத்து அதிகாரம் பெற்றாலோ பிரிவு மாறிவிடும். தணிக்கைப் பங்குதாரருக்கு ஐஃபாக்கின் கல்வித் தரநிலை 8 தனியாகவும் திறன்களைப் பட்டியலிடுகிறது.

படி 2: மணிநேரக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

முதல் பள்ளம் சுழலும் மூன்றாண்டு. நிலையான சுற்று என்றால் மூன்றாண்டு முடிந்ததும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சுழலும் சுற்றில் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கடைசி மூன்றாண்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் முதல் ஆண்டில் 60, இரண்டாம் ஆண்டில் 40, மூன்றாம் ஆண்டில் 20 செய்தார் என்று வையுங்கள். கூட்டினால் 120, சரி. நான்காம் ஆண்டு முடிவில் முதலாண்டின் 60 கழன்றுவிடும். 40-ம் 20-ம் மட்டும் மிஞ்சும். அந்த ஒரே ஆண்டில் அவர் 60 செய்தாக வேண்டும். முன்னால் ஓடிவிட்டுப் பிறகு ஓய்வெடுத்தவர்கள் விழும் பள்ளம் இது. சுழலும் முறையில் ஆண்டுக்கு 40 என்று சமமாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, எத்தனை நிமிடம் ஒரு மணி என்பது. அமெரிக்க முறையில் 50 நிமிடம் ஒரு கிரெடிட். 100 நிமிட வகுப்புக்கு அங்கே 2 கிரெடிட் என்று சான்றிதழ் வரும். அதே சான்றிதழை 60 நிமிடக் கணக்கு வைக்கும் அமைப்புக்கு 2 மணிநேரம் என்று எழுதினால் தவறு; ஒன்றே முக்காலுக்கும் குறைவு. இரண்டு அமைப்பில் உறுப்பினராக இருப்பவர்கள் சான்றிதழில் உள்ள கிரெடிட்டைப் பார்க்காமல், நிமிடத்தை ஒரு தனிக் கட்டத்தில் பதிந்து, அதிலிருந்து இரண்டு அமைப்புக்கும் தனித்தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே வகுப்பை இரண்டு அமைப்புக்கும் காட்டுவதில் பொதுவாகத் தவறில்லை. ஒரே அமைப்புக்கு இரண்டு முறை காட்டுவதுதான் தவறு.

மூன்றாவது, இடைவேளை. காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை நடந்த கருத்தரங்கு ஏழரை மணிநேரம் ஆகாது. மதிய உணவு, தேநீர், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் போக ஐந்தரை மிஞ்சினால் அதிகம். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்வு அமர்வாகக் கூட்டுங்கள்.

மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதற்கும் எல்லை உண்டு. ஏசிசிஏவில் மிஞ்சிய சரிபார்க்கத்தக்க யூனிட்களை மட்டுமே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் 21 வரைதான். பல இடங்களில் அந்தச் சலுகையே கிடையாது.

படி 3: எது சேரும், எது சேராது

ஏசிசிஏ சொல்லும் மூன்று கேள்விகள் எந்த அமைப்புக்காரருக்கும் நல்ல சல்லடை. இது என் வேலைக்குச் சம்பந்தப்பட்டதா? கற்றதை எங்கே பயன்படுத்துவேன் என்று விளக்க முடியுமா? செய்ததற்கு ஆதாரம் காட்ட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் சரிபார்க்கத்தக்கது. மூன்றாவது மட்டும் இல்லை என்றால் அது மற்ற பகுதியில் போகும். முதலாவதே இல்லை என்றால் படித்தது நல்லதுதான், ஆனால் கணக்கில் வராது.

அன்றாட வேலை சேராது. இருபது ஆண்டாகச் செய்யும் வரித்தாக்கலை இந்த ஆண்டும் செய்தேன் என்பது கற்றல் ஆகாது. அதே வேலையில் இதுவரை சந்திக்காத சிக்கல் ஒன்று வந்து, சட்டப் பிரிவையும் தீர்ப்பையும் தேடிப் படித்து, இரண்டு பக்கக் குறிப்பு எழுதியிருந்தால் அந்தத் தேடலும் குறிப்பும் பல அமைப்புகளில் சேரும். குறிப்பின் தேதியும் செலவான நேரமும் இருக்க வேண்டும், அவ்வளவே.

வகுப்பு எடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. புதிய பாடத்துக்குத் தயாரித்த நேரமும் முதல் முறை எடுத்த நேரமும் சேரலாம். அதே ஸ்லைடை ஆறு ஊரில் காட்டியதற்கு ஆறு மடங்கு கிடையாது. சட்டம் மாறி, பாடத்தைக் கணிசமாக மாற்றியிருந்தால் அந்த மாற்றத்துக்கான நேரம் மட்டும் புதியது. தயாரிப்பு நேரத்துக்குப் பல அமைப்புகள் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன.

தொழில்சார் இதழ்களைப் படிப்பது பெரும்பாலும் சரிபார்க்க முடியாத பகுதியில் வரும். முடிவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் சுயகற்றல் பாடம் வேறு வகை. அமெரிக்கத் தரநிலைகளின்படி அதற்கு இறுதித் தேர்வும் 70 சதவீதத் தேர்ச்சியும் வேண்டும். தொழில் அமைப்பின் குழுக்களில் பங்கேற்பது, மேல்பட்டம் படிப்பது, புதிய மென்பொருளைக் கற்பது எல்லாம் சேரக்கூடியவை. பேச்சுத்திறன், மேலாண்மை போன்றவற்றில் ஜாக்கிரதை. கலிபோர்னியா போன்ற இடங்களில் கணக்கியல் துறையை நேரடியாகச் சாராத பாடங்கள் பாதிக்கு மேல் போகக்கூடாது.

படி 4: ஆண்டுத் திட்டம்

பட்டியலைப் பார்த்துக் கவர்ச்சியான வகுப்பாகப் பொறுக்கினால் மணிநேரம் நிரம்பும், ஆய்வாளர் கேட்கும் 'ஏன் இது?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. தலைகீழாகத் தொடங்குங்கள். அடுத்த 18 மாதத்தில் உங்கள் மேசைக்கு வரப்போகும் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்று அதைத் தனியாகச் செய்ய முடியுமா, யாரையாவது கேட்க வேண்டுமா, தெரியவே தெரியாதா என்று நேர்மையாகக் குறியுங்கள். கடைசி இரண்டு வகைதான் உங்கள் பாடத்திட்டம். சிமாவின் ஆறு கட்டச் சுழற்சியும் இந்த வரிசைதான்: வரையறு, மதிப்பிடு, வடிவமை, செயல்படு, சிந்தித்துப் பார், மதிப்பாய்வு செய்.

உதாரணத்துக்கு, நிதியறிக்கை தயாரிப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்வதேச நிதியறிக்கைத் தரநிலைகளில் ஐஏஎஸ் 1-க்குப் பதிலாக வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18, 2024 ஏப்ரலில் வெளியானது. 2027 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்குக் கட்டாயம். 2027-க்குத்தானே என்று ஒத்திப்போட முடியாது, ஒப்பீட்டுக்காக 2026 எண்களையும் புதிய வடிவில் காட்ட வேண்டும். ஆகவே கணக்குத் தலைப்புகளைப் பிரிக்கும் அறிவு அதற்கு முன்பே வேண்டும். தணிக்கையில் இருப்பவருக்கு, 2022 டிசம்பர் 15-க்குள் நிறுவ வேண்டியிருந்த தர மேலாண்மைத் தரநிலை ஐஎஸ்க்யூஎம் 1, குழுமத் தணிக்கைக்கான திருத்திய ஐஎஸ்ஏ 600 ஆகியவை முன்னால் நிற்கும். நீடித்தநிலை அறிக்கைப் பக்கம் போகிறவருக்கு 2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2.

40 மணிநேரத்தை எப்படிப் பிரிப்பது? கணக்கியல், தணிக்கை போன்ற முதன்மைத் துறைப்பாடத்துக்கு 16, வரி மற்றும் சட்டத் திருத்தங்களுக்கு 8, தரவு, மென்பொருள், செயற்கை நுண்ணறிவுக்கு 6, உங்கள் துறைக்கே உரிய விஷயத்துக்கு 4, எதிக்ஸுக்கு 2, மேலாண்மைத் திறனுக்கு 4 என்பது நியாயமான தொடக்கம். இது விதி கிடையாது, வேலைக்கேற்ப மாற்றுங்கள். ஆனால் திட்டமிடும்போது 40 என்று நிறுத்தாமல் 45 என்று வையுங்கள். ஏதாவது ஒரு வகுப்பு ரத்தாகும், ஒரு சான்றிதழ் வராது, ஒன்றில் பாதியில் வாடிக்கையாளர் அழைப்பார்.

தேதி போடும்போது உங்கள் வேலை நெருக்கடி மாதங்களைக் காலியாக விடுங்கள். கணக்கு முடிக்கும் காலத்தில் மாதம் நான்கு மணிநேரம் என்று எழுதி வைப்பது திட்டமிட்டுத் தோற்பது.

படி 5: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் அமைப்பு எந்த வழங்குநரையும் ஏற்குமா, அங்கீகரித்தவர்களை மட்டுமா? ஐசிஏஐயின் ஸ்ட்ரக்சர்டு மணிநேரம் வேண்டுமென்றால் அமைப்பின் சொந்த அலகுகளோ அது அனுமதித்த ஏற்பாடோதான் நடத்த வேண்டும். அமெரிக்காவில் நாஸ்பா (மாநிலக் கணக்கியல் வாரியங்களின் சங்கம்) பதிவேட்டில் உள்ள வழங்குநர் என்றால் பெரும்பாலான மாநிலங்களில் சிக்கல் குறைவு. ஏசிசிஏ போன்றவை வழங்குநரைப் பற்றிக் கண்டிப்பு காட்டாது. பொருத்தமும் ஆதாரமும் இருந்தால் போதும்.

நேரலை வெபினாரில் வருகையை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது மூன்று முறை திரையில் கேள்வி வந்து நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வேறு திரையில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டு இரண்டு கேள்வியைத் தவறவிட்டால், கடைசி வரை இருந்தாலும் கிரெடிட் குறையும். பதிவுசெய்த வீடியோவைப் பின்னர் பார்ப்பது நேரலைக்குச் சமம் என்று நினைப்பதும் தவறு. தேர்வு இணைக்கப்படாத வீடியோவுக்குச் சில இடங்களில் சரிபார்க்கத்தக்க மணிநேரமே கிடைக்காது.

உள்நுழையும்போது உறுப்பினர் அட்டையில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறி, வேறொருவர் மடிக்கணினியில் சேர்ந்து உட்கார்ந்து, அலுவலகப் பொதுக் கணக்கில் நுழைந்து வரும் வருகைப்பதிவு உங்களுடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஒரே இணைப்பில் மூன்று பேர் பார்த்தால் சான்றிதழ் ஒருவருக்குத்தான் வரும்.

இலவசமாகவும் தரமாகவும் நிறைய இருக்கிறது. ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளை, தணிக்கைத் தரநிலை வாரியம், எதிக்ஸ் தரநிலை வாரியம் மூன்றும் தங்கள் தளத்தில் விளக்க வீடியோக்களும் வழிகாட்டுதல்களும் வைத்திருக்கின்றன. சான்றிதழ் வராது, ஆகவே சரிபார்க்க முடியாத பகுதிக்கு இவற்றை வைத்துக்கொண்டு, கட்டணத்தைச் சான்றிதழ் தேவைப்படும் பகுதிக்குச் செலவிடுங்கள்.

படி 6: பதிவு

வகுப்பு முடிந்த அன்றே, தவறினால் மறுநாள். ஒரு வாரம் கழித்து எழுதினால் தலைப்பு மட்டும்தான் நினைவிருக்கும். பெரும்பாலான பதிவேடுகள் இப்படித்தான் இருக்கும்:

12 மார்ச் – ஐஎஃப்ஆர்எஸ் 18 வெபினார் – 2 மணி – பயனுள்ளதாக இருந்தது.

இதில் ஆய்வாளருக்கு உதவும் தகவல் எதுவுமில்லை. அதே வகுப்பை இப்படி எழுதலாம்:

12 மார்ச், காலை 10.30–12.20, இடைவேளை 10 நிமிடம் போக 100 நிமிடம், 1.5 யூனிட் எடுத்துக்கொள்கிறேன். தேவை: 2027 அறிக்கைக்கு லாப நட்டக் கணக்கின் வடிவத்தை மாற்றும் பொறுப்பு என்னுடையது. கற்றது: செயல்பாடு, முதலீடு, நிதியளிப்பு என்ற பிரிப்பு, அந்நியச் செலாவணி வேறுபாடு அதை உண்டாக்கிய இனம் எந்தப் பிரிவோ அதற்கே போகும், முதலீட்டாளர் விளக்கவுரையில் நாங்கள் பயன்படுத்தும் 'சரிசெய்த லாபம்' இனி நிர்வாகம் வரையறுத்த அளவீடாகக் குறிப்பில் சமரசப் பட்டியலோடு வர வேண்டும். செய்யப்போவது: கணக்குத் தலைப்புகளைப் பிரித்துப் பட்டியலிடுவது, ஏப்ரல் 15-க்குள். ஆதாரம்: சான்றிதழ், தலைப்புப் பட்டியல்.

எழுத ஐந்து நிமிடம் ஆகும். மணிநேரத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்கியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்தை இரண்டாக்கிவிட்டு, பிறகு அந்த இருபது நிமிடத்துக்காக மற்ற பதிவுகள் மீதும் சந்தேகத்தை வரவழைத்துக்கொள்வது வீண். ஏப்ரலில் அந்தப் பட்டியல் முடிந்ததும் இதே வரியில் 'முடிந்தது' என்று தேதி போட்டு ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், பலனை அளக்கும் அமைப்புக்கும் இதுவே போதும்.

எக்செல்லில் பத்து கட்டம் தாராளம்: தேதி, தலைப்பு, வழங்குநர், வகை, நிமிடம், எடுத்துக்கொண்ட மணிநேரம், சரிபார்க்கத்தக்கதா, எதிக்ஸா, கற்றதும் பயனும், ஆதாரக் கோப்பின் பெயர். அமைப்பின் தளத்தில் பதிவேடு இருந்தாலும் உங்களுக்கென ஒரு பிரதி வேண்டும். தளங்களைப் புதுப்பிக்கும்போது பழைய பதிவுகள் புதிய தளத்துக்கு முழுதாக வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

படி 7: ஆதாரம்

சான்றிதழில் ஐந்து விஷயம் இருக்கிறதா பாருங்கள்: உங்கள் பெயர், தலைப்பு, வழங்குநர், தேதி, கால அளவு. அதிகம் விடுபடுவது கால அளவுதான். அப்போது நிகழ்ச்சி நிரலின் பிடிஎஃப்பைச் சான்றிதழோடு இணைத்து ஒரே கோப்பாக்குங்கள். பதிவுக் கட்டண ரசீது ஆதாரம் ஆகாது. பணம் கட்டினீர்கள் என்பதைத்தான் அது சொல்லும், போனீர்கள் என்பதைச் சொல்லாது. பதிவு உறுதி மின்னஞ்சலுக்கும் அதே கதி.

அலுவலகத்துக்குள் நடந்த பயிற்சிக்கு வருகைத்தாளும் ஸ்லைடும் மேலாளரின் ஒருவரி உறுதிமொழியும் வேண்டும். சொந்தத் தேடலுக்கு, தேதியிட்ட குறிப்பும் படித்தவற்றின் பட்டியலும். இங்கே பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது: அந்தக் குறிப்பில் வாடிக்கையாளரின் பெயரும் எண்களும் இருக்கும். அதை அப்படியே ஆய்வுக்கு அனுப்பினால், சிபிடி விதியைக் காப்பாற்றப் போய் ரகசியக் காப்பு விதியை மீறியவர் ஆவீர்கள். அடையாளங்களைக் கறுப்படித்த பிரதி ஒன்றை எழுதும் அன்றே தனியாகச் சேமியுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் முதலில் வரட்டும். பிறகு தலைப்பு, நிமிடம். கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். ஏசிசிஏ மூன்றாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. நீளமான சுற்று உள்ள அமைப்புகளில் சுற்று முடிந்து ஐந்தாண்டு வரை வைத்திருப்பது பாதுகாப்பு.

எதிக்ஸ்

மணிநேரத்தில் சிறியது, விடுபட்டால் பெரியது. மொத்தம் 60 செய்திருந்தாலும் ஒரு மணிநேர எதிக்ஸ் இல்லாவிட்டால் ஆண்டு நிறைவேறாத ஆண்டுதான். திட்டத்தில் முதல் மாதமே முடித்துவிடுங்கள். பொதுவான நிறுவன ஒழுக்கப் பயிற்சி சேருமா என்று விதியைப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தரவுப் பாதுகாப்பு போன்ற அலுவலகக் கட்டாயப் பயிற்சிகள் பெரும்பாலும் கணக்காளர் நெறிமுறைக் கோவையோடு தொடர்பில்லாதவை. கோவையின் ஐந்து அடிப்படைகள், சுயாதீனம், சட்டமீறலைக் கண்டால் செய்ய வேண்டியது, 2024 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்நுட்பம் சார்ந்த திருத்தங்கள் ஆகியவற்றைத் தொடும் பாடம் ஐயமின்றிச் சேரும்.

தேர்வு விடையைப் பகிர்வது பற்றி ஒரு வார்த்தை. விடைகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவது பல அலுவலகங்களில் சாதாரண உதவியாகவே பார்க்கப்படுகிறது. 2022 ஜூனில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்தது, ஊழியர்கள் சிபிஏ (அமெரிக்கக் கணக்காளர்) உரிமத்தைப் பெறவும் தக்கவைக்கவும் எழுத வேண்டிய தேர்வுகளில் ஏமாற்றியது தொடர்பாக. ஏமாற்றிய தேர்வுகளில் எதிக்ஸும் இருந்தது.

காலாண்டுக்கு ஒருமுறை, கடைசி ஆறு வாரத்தில்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கி மூன்று கூட்டல் போடுங்கள்: மொத்தம், சரிபார்க்கத்தக்கது, எதிக்ஸ். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஆதாரக் கோப்பு உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள். வராத சான்றிதழை இரண்டு மாதத்தில் கேட்டால் கிடைக்கும். பத்து மாதம் கழித்து ஏற்பாட்டாளரே மாறியிருப்பார்.

ஆறு வாரம்தான் இருக்கிறது, 15 மணிநேரம் குறைகிறது என்றால் பதற வேண்டாம். முதலில் ஏற்கெனவே செய்து பதியாததைத் தேடுங்கள்: நாட்காட்டி, மின்னஞ்சல், வெபினார் தளங்களில் உங்கள் கணக்கு. மூன்று நான்கு மணிநேரம் அங்கேயே கிடைப்பது வழக்கம். அடுத்து, மீதியில் எவ்வளவு சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று பிரியுங்கள். அந்தப் பகுதிக்கு, தேர்வோடு கூடிய சுயகற்றல் பாடம் ஒன்றை எடுங்கள். நேரலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சான்றிதழ் அன்றே வரும். மற்றதைப் படிப்பிலும் குறிப்பெழுதுவதிலும் முடிக்கலாம். வாரம் இரண்டரை மணிநேரம் போதும்.

செய்யக்கூடாதவை: ஒரே நேரத்தில் இரண்டு திரையில் இரண்டு வெபினார், ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடும் வீடியோ, பின்தேதியிட்ட குறிப்பு. ஒரே நாளில் 11 மணிநேரம் என்று பதிந்திருந்தால் ஆய்வாளர் முதலில் திறப்பது அந்த வரியைத்தான். நேர முத்திரை எல்லாக் கோப்பிலும் இருக்கிறது. குறைவு ஒரு கோளாறு, அதைச் சரிசெய்ய வழி உண்டு. பொய்ப் பதிவு ஒழுங்கு நடவடிக்கைக்குரியது; அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்.

விடுப்பில் இருந்தால்

மகப்பேறு, நீண்ட நோய், பராமரிப்புப் பொறுப்பு, வேலையில்லாக் காலம், ஓய்வு – இவற்றுக்குப் பல அமைப்புகள் குறைப்போ விலக்கோ தருகின்றன. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் கெடுவுக்கு முன். பகுதிநேரமாக வேலை செய்பவருக்கு ஏசிசிஏவில் தனிப் பாதையே இருக்கிறது. விலக்கு பெற்ற காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தொழில் செய்ய அனுமதி உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கடிதம் வந்தால்

தேர்வானது தற்செயலாகவே இருக்கலாம், பதற்றம் வேண்டாம். கெடுவைக் குறித்துக்கொண்டு, கேட்ட காலத்துக்கான பதிவேட்டை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்து அதே எண்ணை ஆதாரக் கோப்புக்கும் கொடுங்கள். முன்னால் ஒரு பக்கச் சுருக்கம்: தேவை இவ்வளவு, செய்தது இவ்வளவு, எதிக்ஸ் இந்த எண்ணில். கேட்காத ஆண்டின் கோப்புகளையும், எடை கூட்ட நூறு பக்க ஸ்லைடுகளையும் அனுப்ப வேண்டாம்.

ஆதாரம் கிடைக்காத வரி இருந்தால் வழங்குநரிடம் வருகைப்பதிவு கேளுங்கள். அவரிடமும் இல்லையென்றால் அந்த மணிநேரத்தைச் சரிபார்க்கத்தக்க பகுதியிலிருந்து நீக்கி, நீக்கியதைச் சொல்லியே அனுப்புங்கள். திட்டமிட்ட அந்த ஐந்து மணிநேர உபரி இங்கேதான் கைகொடுக்கும். அதற்குப் பிறகும் குறைந்தால், எத்தனை மணிநேரம், எந்தத் தேதிக்குள், எந்தப் பாடத்தால் நிரப்புவேன் என்று திட்டத்தோடு கால அவகாசம் கேளுங்கள்.

வேலை மாறும் முன்

நிறுவனத்தின் பயிற்சித் தளத்தில் இருக்கும் சான்றிதழ்கள் உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் கையில் இல்லை. கடைசி நாள் மாலை கணக்கு முடக்கப்படும், அலுவலக மின்னஞ்சலும் அதோடு போகும். ராஜினாமா கொடுத்த வாரமே பயிற்சிப் பட்டியலின் முழு அறிக்கையையும் ஒவ்வொரு சான்றிதழையும் இறக்கி, நிறுவனக் கொள்கை அனுமதிக்கும் வழியில் உங்கள் சொந்தச் சேமிப்புக்கு மாற்றுங்கள். உள்பயிற்சிகளுக்கு மனிதவளத் துறையிடம் மணிநேரம் குறித்த கடிதம் ஒன்று வாங்குங்கள். ஏசிசிஏவில் அங்கீகரித்த நிறுவனத்தின் வழியாகச் சிபிடியை நிறைவேற்றிக்கொண்டிருந்தவர் என்றால், புதிய நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எந்தப் பாதைக்கு மாற வேண்டும், அந்த ஆண்டில் எத்தனை யூனிட் காட்ட வேண்டும் என்பதை அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்கிப் பதிவேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.